ரிலே கரண்டு தராது: புதிதாகப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருட்டியதும் சாமி மேடை விளக்கு தானாக எரிய வேண்டும். கூரைத் தொட்டி நிரம்பியதும் பம்ப் தானாக நிற்க வேண்டும். ஆட்டுக் கொட்டகையில் சூடு ஏறினால் காத்தாடி சுற்ற வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் எலெக்ட்ரானிக்ஸ் பழக வரும் பிள்ளைகள் செய்ய ஆசைப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. தோட்டத்து லயத்திலிருந்து டவுனுக்கு வந்து தாமான் வீட்டில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். வீட்டுக்கு உதவுகிற ஒன்றைத் தன் கையால் செய்ய வேண்டும் என்ற அந்த ஆசை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மூன்று வேலைக்கும் நடுவில் ரிலே என்ற, கரண்டால் இயங்கும் சுவிட்ச் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் 5 வோல்ட், மறுபக்கம் ஆளைக் கொல்லும் 230 வோல்ட்.

ரிலேவுக்குள்ளே ஒன்றையொன்று தொடாத இரண்டு சர்க்கிட்டுகள் இருக்கின்றன. முதல் சர்க்கிட்டில் இரும்புத் துண்டைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் கரண்டு ஓடினால் இரும்பு காந்தமாகி, பக்கத்தில் இருக்கும் சிறிய தகட்டை இழுக்கும். கரண்டு நின்றால் ஸ்பிரிங் அந்தத் தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். இரண்டாவது சர்க்கிட் அந்தத் தகடு அசையும்போது மூடித் திறக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பழைய ஆட்டோ கேட் போர்டிலோ வாஷிங் மெஷின் போர்டிலோ ஒரு ரிலே கிடைத்தால் கழற்றி, மேல் மூடியை மெல்ல அறுத்து, சுருளுக்கு மட்டும் பேட்டரி கொடுத்துப் பாருங்கள். தகடு இழுபடுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதியைச் செய்ய மாட்டான்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. சுருளுக்கு 5 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்டதும், தொடுமுனைகளில், அதாவது அந்த சுவிட்சின் முனைகளில், நேராக பல்பை மாட்டிவிட்டு, "சார், ரிலே கெட்டுப்போச்சு, பல்பு எரியல" என்பார்கள். ரிலே கெடவில்லை. தொடுமுனை கரண்டு தருவதில்லை, வருகிற கரண்டுக்கு வழிவிட மட்டும் செய்கிறது. பல்புக்கு வேண்டிய கரண்டு அதற்கென்று உள்ள பேட்டரியிலிருந்து கிளம்பி, தொடுமுனை வழியாகப் பல்புக்குப் போய், மறுபடி பேட்டரிக்கே திரும்ப வேண்டும். அந்த வட்டத்தைத் தாளில் தனியாக வரையச் சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதன் தம்பிதான் பெட்டியின் மேலுள்ள எண்களை மாற்றிப் படிப்பது. நம் கடைகளில் கிடைக்கும் நீல ரிலேவில் 'எஸ்ஆர்டி-05விடிசி' என்று இருந்தால் அது சுருளுக்கு உரியது: 5 வோல்ட் டிசி. '10ஏ 250விஏசி' என்பது தொடுமுனை தாங்கும் எல்லை. 12 வோல்ட் பல்பை எரிக்க 12 வோல்ட் ரிலேதான் வேண்டும் என்றில்லை, 5 வோல்ட் ரிலே போதும். 5 வோல்ட் சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது பழைய வெப்பத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு சூடாகிக் கருகும்.

சுருள் பக்கம்

ஆர்டுயினோவின் (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சிறிய கம்ப்யூட்டர் போர்டு) முனையிலிருந்து நேராகச் சுருளுக்கு வயர் இழுப்பது மிகப் பரவலான பிழை. கணக்கு எளிது. அந்த 5 வோல்ட் சுருளின் தடை சுமார் 70 ஓம். ஐந்தை எழுபதால் வகுத்தால் 71 மில்லியாம்பியர். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு முனை நிம்மதியாகத் தருவது 20, தாண்டவே கூடாத எல்லை 40. சில நாள் வேலை செய்வதுபோலத் தோன்றும், பிறகு அந்த முனை செத்துவிடும்.

நடுவில், சிறிய கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். எல்லாரிடமும் இருக்கும் பிசி547 தாங்குவது 100 மில்லியாம்பியர்தான், 71க்கு அது மூச்சுப் பிடித்து நிற்கும். 2என்2222 இருந்தால் அதையே போடுங்கள். டிரான்சிஸ்டருக்குச் செய்தி போகும் பேஸ் முனையில், கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போடாமல் விடாதீர்கள். 5 வோல்ட் முனைக்கு 1000 ஓம் போட்டால் சுமார் 4.3 மில்லியாம்பியர் போகும், அது போதும். 3.3 வோல்ட் தரும் ஈஎஸ்பி32 போர்டு என்றால் 470 ஓம் நல்லது. ரிலேவுக்குத் தனி அடாப்டர் வைத்திருந்தால், அதன் மைனஸும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் டிரான்சிஸ்டருக்குச் செய்தியே போய்ச் சேராது. பல மாலைகள் இந்த ஒற்றை வயரைத் தேடுவதிலேயே கழிகின்றன.

அடுத்து, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு. இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், இது இல்லாமலும் சர்க்கிட் முதலில் நன்றாகவே ஓடும். சுருளில் கரண்டு ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் சட்டென்று பாதையை அறுத்தாலும், ஓடிக்கொண்டிருந்த கரண்டை அதே திசையில் ஓட வைக்கவே சுருள் முயலும். போக வழி இல்லாததால் அதன் இரு முனைகளுக்கிடையில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். 5 வோல்ட் ரிலேவிலிருந்து நூறு வோல்ட்டுக்கு மேல்கூட எழலாம். 2என்2222 தாங்குவது சுமார் 40 வோல்ட். ஒவ்வொரு முறை ரிலே விடுபடும்போதும் அந்த அடி விழுகிறது. டிரான்சிஸ்டர் சாகும், இல்லையென்றால் ஆர்டுயினோ காரணமில்லாமல் ரீசெட் ஆகும். பிள்ளைகள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

இருபது முப்பது காசு விலையுள்ள 1என்4007 டையோடு இதற்குப் போதும். சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு போட்ட பக்கம் பிளஸ் முனையில் வரும்படி மாட்டுங்கள். சுருள் இயங்கும்போது அது சும்மா இருக்கும். பாதை அறுந்ததும் சுருளின் கரண்டு அதன் வழியே சுற்றிச் சுற்றித் தணிந்துவிடும். திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் ஆன் ஆன மறுகணமே ஷார்ட் ஆகும். கோடு எந்தப் பக்கம் என்பதை கரண்டு கொடுப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

டிரான்சிஸ்டரும் டையோடும் சேர்ந்தே வரும் ரெடிமேட் மோடியூல் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கென்று வேறு சிக்கல்கள் உண்டு. பல மோடியூல்கள் தலைகீழாக வேலை செய்யும்: முனையை லோ (0 வோல்ட்) ஆக்கினால் ரிலே இழுக்கும், ஹை (5 வோல்ட்) ஆக்கினால் விடும். அதைக் கவனிக்காமல் எழுதினால், ஆர்டுயினோ விழித்தெழும் நொடியில் பம்ப் ஒரு முறை உதறி ஓடும். முதலில் முனையை ஹை என்று வைத்து, அதன் பிறகு அவுட்புட்டாக அறிவிக்க வேண்டும். எட்டு ரிலே உள்ள போர்டு எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் சுமார் 570 மில்லியாம்பியர் கேட்கும். கம்ப்யூட்டரின் சாதாரண யுஎஸ்பி துளை 500தான் தரும். போர்டில் ஜேடி-விசிசி என்றொரு ஜம்பர் (இரண்டு முனைகளை இணைக்கும் சிறிய மூடி) இருந்தால், அதைக் கழற்றி ரிலேக்களுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுக்கலாம். கழற்றாமல், கிரவுண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு, "ஒளியால் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளர் இருக்கிறது, இரண்டு பக்கமும் பிரிந்திருக்கிறது" என்று நம்புவது வீண்.

நம் ஊர் சூட்டையும் கணக்கில் எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மாட்டிய பெட்டியில் பிற்பகல் வெப்பம் எகிறும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 விழுக்காடு கூடும். 5 வோல்ட் ரிலே இழுக்க ஏறத்தாழ 3.75 வோல்ட் போதும் என்று தயாரிப்பாளர் சொல்வது குளிர்ந்த சுருளுக்கு. மலிவான அடாப்டரும் நீளமான மெல்லிய வயரும் சேர்ந்து மின்னழுத்தத்தைக் குறைத்தால், காலையில் இழுத்த ரிலே மதியம் தயங்கும்.

தொடுமுனைப் பக்கம்

மூன்று முனைகள்: காம் (பொது முனை), என்ஓ (நார்மலி ஓப்பன்), என்சி (நார்மலி குளோஸ்டு). சுருளில் கரண்டு இல்லாதபோது காமும் என்சியும் சேர்ந்திருக்கும், என்ஓ விலகியிருக்கும். எதில் மாட்டுவது என்பதை வயர் எட்டும் தூரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆர்டுயினோ நின்றுபோனால், அடாப்டர் செத்தால், இந்தச் சாதனம் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? பம்ப் நிற்க வேண்டும், எனவே என்ஓ. கோழிக்குஞ்சுக் கூண்டின் விளக்கு அணைந்தால் குஞ்சுகள் குளிரில் செத்துவிடும் என்றால் என்சியை யோசிக்கலாம்.

'10 ஆம்பியர்' என்ற எழுத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது சாதாரண ஹீட்டர் போன்ற சுமைக்கு. பம்ப் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். 3 ஆம்பியரில் ஓடும் பம்ப் தொடக்கத்தில் 15, 20 ஆம்பியர் கேட்கும். அந்த நொடியில் தொடுமுனைகள் ஒட்டிப் பற்றவைத்ததுபோல ஆகிவிட்டால், ஆர்டுயினோ நிறுத்தச் சொன்னாலும் பம்ப் நிற்காது. தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். வீட்டுப் பம்ப்புக்குச் சிறிய நீல ரிலேவைப் போடாதீர்கள். அந்த ரிலே, மோட்டார் போன்ற பெரிய சுமைக்கென்று செய்த ரிலேவான காண்டாக்டரின் சுருளை இயக்கட்டும், காண்டாக்டர் பம்ப்பை இயக்கட்டும்.

டிசி சுமைக்கு எல்லை இன்னும் குறைவு. அதே ரிலேவில் 30 வோல்ட் டிசி என்றுதான் எழுதியிருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் கரண்டு நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், தொடுமுனை விலகும்போது எழும் தீப்பொறி அணைய வாய்ப்புக் கிடைக்கிறது. டிசியில் அந்த இடைவெளியே இல்லை. தொடராக மாட்டிய சோலார் பலகைகளின் உயர் வோல்ட்டை இந்த ரிலேவால் அறுக்கப் போனால் பொறி அணையாமல் முனைகளை உருக்கிவிடும்.

ரிலேவுக்கு ஆயுளும் உண்டு. முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை என்பது இவ்வகைச் சிறிய ரிலேக்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கேட்கப் பெரிதாக இருக்கும். நொடிக்கொரு முறை அடித்தால் 28 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். தொட்டியின் சென்சார் ஒரே ஒரு எல்லையைப் பார்த்தால், தண்ணீர் அலையடிக்கும்போதெல்லாம் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். பாதிக்குக் கீழே இறங்கினால் ஓடு, விளிம்புக்கு வந்தால் நில் என்று இரண்டு எல்லை வையுங்கள். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ரிலேவை வேகமாக அடிக்கவிடுவதும் வேண்டாம். அது வேறு கருவி செய்யும் வேலை.

230 வோல்ட்

இங்கே நான் கண்டிப்பாகப் பேசுகிறேன். ரிலே லைவ் வயரைத்தான் அறுக்க வேண்டும். நியூட்ரலை அறுத்தாலும் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். அம்மா பல்பு மாற்றக் கைவைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சாதனங்களின் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். பல கை பட்ட பழைய வீடுகளில் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும்.

ரிலே போர்டின் அடிப்பக்கத்துச் சால்டர் புள்ளிகளில் 230 வோல்ட் திறந்தே கிடக்கிறது. அதை மைலோ டின்னிலோ பிஸ்கட் டின்னிலோ வைக்காதீர்கள். எர்த் இல்லாத இரும்பு டின்னில் ஒரு வயர் உராய்ந்தால் டின் முழுக்க லைவ் ஆகிவிடும். பிளாஸ்டிக் பெட்டி, உயர்த்தி நிறுத்தப் பிளாஸ்டிக் கால்கள், வயர் நுழையும் ஓட்டைக்கு, வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வேண்டும். ஓட்டையைத் திறந்து விட்டால் எறும்பும் பல்லியும் குடிவந்துவிடும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்திலேயே புகுந்த பூச்சி, செம்பனைக் காட்டோரத்து வீட்டில் புகாமல் இருக்குமா?

தீபகற்ப மலேசியாவில் வீட்டு வயரிங்கைத் தொட சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேனுக்குத்தான் உரிமை. 5 வோல்ட் பக்கத்தை நீங்களே முழுதாகச் செய்யுங்கள், 12 வோல்ட் பேட்டரியும் கப்சாய் மோட்டார் சைக்கிள் பல்பும் வைத்து நாள் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். வீட்டுக் கரண்டில் சேர்க்கும் கட்டம் வந்தால் வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டு, உங்கள் வரைபடத்தைக் காட்டி, அவர் கையால் மாட்டச் சொல்லுங்கள். படிவம் நான்கு பிள்ளை தனியாக டிபி பெட்டியை (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) திறக்கக்கூடாது.

ரிலே சந்தேகமாக இருந்தால் எல்லா வயரையும் கழற்றிவிட்டு மீட்டரால் பாருங்கள். சுருளில் 70 ஓம் அளவு காட்ட வேண்டும், இதே வகையின் 12 வோல்ட் ரிலே என்றால் 400. எல்லையில்லாத் தடை காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. கரண்டு கொடுக்காமலே காமும் என்ஓவும் 'பீப்' என்றால் முனைகள் ஒட்டிவிட்டன. தட்டிப் பிரித்து மறுபடி பயன்படுத்தாமல் தூக்கிப் போடுங்கள். மீட்டர் 'பீப்' சொன்னது மட்டும் போதாது, ஏனென்றால் அது அனுப்பும் கரண்டு மிகச் சிறியது. கருகிய முனையும் அதற்கு வழிவிடும். உண்மையான சுமையை மாட்டி பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு எல்லா இணைப்பையும் பிடுங்கிய பின் ரிலேவின் உடலைத் தொட்டுப் பாருங்கள். சுருள் இழுத்திருந்ததால் வெதுவெதுப்பு இருக்கும். கை வைக்க முடியாத சூடு என்றால் மாற்றுங்கள்.