பையனுக்கு மிடில் நேம் வைப்பது எப்படி? ('எஸ்' என்று எழுதி மாட்டிக்கொண்டவனின் செய்முறை)

என் மூத்தவனின் அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழில் மிடில் நேம் கட்டத்தில் 'எஸ்' என்று ஒற்றை எழுத்து நிற்கிறது. அதற்கு விரிவு கிடையாது. அவனுடைய மிடில் நேமே எஸ்தான். 2019இல், இரண்டு நாள் தூங்காத கண்ணோடு ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போது, நம்ம ஊர் இனிஷியலை எங்காவது செருகியாக வேண்டுமே என்று நான் செய்த வேலை அது. மாற்றலாம். ஆனால் நோட்டரி, கட்டணம், அப்புறம் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண், அமெரிக்க அரசு தரும் அடையாள எண்), பாஸ்போர்ட் என்று வரிசையாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இன்னும் செய்யவில்லை. பள்ளியில் யாராவது கேட்டால் "எஸ்னா சூப்பர்" என்று சொல்லிவிட்டு வருகிறான்.

2023இல் இளையவன் பிறந்தபோது நிதானமாக உட்கார்ந்து யோசித்தோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபர்ஸ்ட் நேம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். எங்களுக்கு அது 'நிலன்'.

படி 1: கடைசிக் கட்டத்தை முதலில் முடியுங்கள்

மிடில் நேமைத் தேடுவதற்கு முன்னால் லாஸ்ட் நேம் என்னவென்று தெரிய வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் இங்கேதான் எல்லாரும் குழம்புவோம். என் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் என் பெயர், சர்நேம் என் அப்பா பெயர், சண்முகம். பையனுக்கு லாஸ்ட் நேமாக என் பெயரைப் போட்டால் நம்ம ஊர் வழக்கப்படி சரி. சண்முகம் என்று போட்டால் வீட்டில் எல்லாருக்கும் ஒரே லாஸ்ட் நேம் இருக்கும்; பள்ளியிலும் விமான நிலையத்திலும் கேள்வி குறையும். மூத்தவனுக்குச் சண்முகம் என்று போட்டுவிட்டோம், அதனால் தம்பிக்கும் அதேதான். முதல் குழந்தைக்கு எடுக்கிற முடிவு அடுத்ததையும் கட்டிப்போடும் என்பதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

படி 2: நடுவில் இருப்பது காணாமல் போகும் என்று தெரிந்து வையுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் மிடில் நேம் பாதி நேரம் ஒரு எழுத்தாகச் சுருங்கும், மீதி நேரம் காணாமலே போகும். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் மிடில் நேமைச் சட்டப்பெயரின் பகுதியாகவே கருதுவதில்லை. போர்டிங் பாஸில் முதல் பெயரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். (முதல் தடவை பார்த்துவிட்டுப் பதறாதீர்கள், ஏறவிடுவார்கள்.)

ஆகவே கூப்பிடுகிற பெயரை நடுவில் வைக்காதீர்கள். முழுப்பெயராக எழுதுங்கள், அவர்கள் சுருக்கிக்கொள்ளட்டும். 'வேலு' என்று எழுதினால் தேவைப்படும் இடத்தில் 'வி' ஆகும். நீங்களே 'வி' என்று எழுதிவிட்டால் அது ஒருநாளும் வேலு ஆகாது.

நீளத்தையும் எண்ணுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் முதல் பெயருக்கும் நடுப்பெயருக்கும் சேர்த்து 26 இடம்தான். செந்தமிழ்செல்வன் ஆங்கில எழுத்தில் 16, அருள்மொழிவர்மன் 15. இரண்டும் ஒரே வரியில் நிற்காது.

படி 3: யாருக்குக் கொடுப்பது

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கூப்பிட வேறொரு பெயரும் இருக்கும். ஆக ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர் என்பது நமக்குப் புதிதில்லை. குலதெய்வப் பெயர், ஜோசியர் எழுத்துக் கொடுத்து வந்த நட்சத்திரப் பெயர், தாத்தா பெயர் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். பெரியவர்களுக்கும் திருப்தி, முதல் பெயரும் உங்கள் கையில்.

எங்கள் வீட்டில், "உங்க அப்பா பேரு கடைசியில வந்தாச்சு, எங்க அப்பா பேரு எங்கே?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் அப்பா வேலுச்சாமி. நீளம் கருதி 'வேலு' என்று வைத்தோம். மாமனார் போனில், "மாப்ளே, சாமியை எங்க விட்டீங்க?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஒரு சிபாரிசு: ழகரப் பெயர் மேல் ஆசை இருந்தால் நடுவில் வையுங்கள். எழில், மகிழன், புகழ் எல்லாம் அழகுதான். ஆனால் இசட்-எச் என்று எழுதினால் இங்கே ஜகரமாகத்தான் வாசிப்பார்கள். தினமும் திருத்தும் பொறுமை எனக்கு இல்லை.

படி 4: சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்

பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணம் இங்கே உதவும். 'ஆதி' என்பதை அடுத்து 'இனியன்' வந்தால் நடுவில் யகரம் தானாக முளைத்து 'ஆதியினியன்' என்று ஒரே பெயராகிவிடும். 'அகிலன் அன்பு' அகிலனன்பு ஆகும். 'நிலன் நந்தா' என்று யோசித்தோம். வேகமாகச் சொன்னால் நிலன்னந்தா. முதல் பெயர் மெய்யில் முடிந்தால் அடுத்தது வேறு வகை மெய்யில் தொடங்கட்டும். 'நிலன் வேலு' நன்றாகப் பிரிந்து நிற்கிறது.

பெயர்ப் பட்டியல் ஆப்களை நான் நம்புவதில்லை. எந்தப் பெயரைத் தட்டினாலும் 'வெற்றியாளர்' அல்லது 'ஒளி' என்று பொருள் போட்டிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம், அதில் பாருங்கள். மற்றபடி ஒரு பென்சில், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம். அவ்வளவு போதும்.

படி 5: முதலெழுத்துகள்

மூன்று முதலெழுத்துகளையும் ஆங்கிலத்தில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆதவன் சிவா செல்வராஜ் கம்பீரமான பெயர். ஆனால் ஏ, எஸ், எஸ். ஆறாம் வகுப்பில் பையன் வந்து அழுவான். அப்படியே எழுத்துருவையும் பாருங்கள். 'இளங்கோ'வை ஐ போட்டுத் தொடங்கினால் பல திரைகளில் அந்த ஐ சிறிய எல் போலவே தெரியும்.

அவ்வளவுதான். படிவத்தைக் கொடுப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்து, தூங்கி எழுந்த யாரிடமாவது காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பின்சேர்க்கை

இந்தியாவில் இருக்கும் சிலர் "எங்களுக்கு மிடில் நேம் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு கட்டம்தான். நடுப்பெயர் இருந்தால் கிவன் நேமிலேயே சேரும். ஆனால் இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் விடமாட்டோம் என்றது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் பலர் அலைந்துவிட்டார்கள்.

லண்டனிலிருந்து ஒரு வாசகி, ஆஸ்பத்திரியிலேயே முடிவெடுக்க வேண்டுமா என்று கேட்டார். இங்கிலாந்தில் பதிவு செய்ய 42 நாள் இருக்கிறது. பொறாமையாக இருந்தது.

இன்னொன்று, இது எங்கள் வீட்டிலேயே கிளம்பிய சிக்கல். போன மாதம் அம்மாவும் மாமியாரும் நிலனைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனார்கள். கவுண்டரில் முழுப்பெயர் கேட்டிருக்கிறார்கள். வேலு என்று மாமியார் சொல்லமாட்டார், சண்முகம் என்று அம்மா சொல்லமாட்டார். இரண்டு பேரும் "நிலன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இப்போது குழந்தையின் பையில் முழுப்பெயர் எழுதிய சீட்டு ஒன்று வைத்திருக்கிறோம்.