திருகோணமலை எல்லையில் காணாமல் போன ஊரைத் தேடுவது எப்படி

முதலில் காட்டுக்குள் போகாதீங்க, வரைபடத்தை எடுங்க. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தில் ஒரு அங்குலம் ஒரு மைல், அதில் சின்னக் குளத்துக்குக்கூடப் பெயர் இருக்கும், இங்கே ஊர்ப்பெயர் பாதி குளப்பெயர்தான். அப்புறம் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். இலங்கையில் 1871 முதல் தொகைமதிப்பு, அதாவது மக்கள் கணக்கெடுப்பு, எடுத்திருக்கிறார்கள். அந்தப் பழைய பதிவுகளில் ஒரு ஊர்ப்பெயர் எந்த ஆண்டோடு நின்றுபோகிறது என்று பாருங்க. ஆனால் பெயர் நின்றதும் ஊர் செத்தது என்று எழுதிவிடாதீங்க: முல்லைத்தீவு எல்லையிலுள்ள தென்னமரவடி என்ற ஊரை 1984இல் சனம் விட்டு ஓடியது, போர் முடிந்தபின் சிலர் திரும்பி வந்தார்கள்.

சரி, இனி நடக்கலாம். வன்செயல் நடந்த பக்கம் என்பதால் மிதிவெடி அகற்றிய இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்காமல் கால் வைக்க வேண்டாம். காட்டு நடுவில் வரிசையாகப் புளி, வேம்பு நின்றால் அது யாரோ வீட்டு வளவு. பக்கத்தில் தூர்ந்த கிணறு, பாசி பிடித்த அம்மிக்கல். கல்லைத் தூக்கி வராதீங்க, படம் மட்டும் எடுங்க. வயதான அம்மாமாரிடம் ஆண்டு கேட்டால் வராது, “எந்தப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஓடினீங்க?” என்று கேளுங்க, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஆண்டு கிடைக்கும்.