ஆபீஸ் ஐபி போனில் ஹோல்ட், டிரான்ஸ்பர், கான்பரன்ஸ்: கால் கட் ஆகாமல் பழகுவது எப்படி?

வேலையில் சேர்ந்த அன்றே மேசையில் ஒரு பெரிய போன் இருக்கும், அதில் என்னென்னவோ பட்டன்கள், ஆனால் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். ரிசீவரை எடுத்தால் பேசலாம் என்பதால் நாமும் அப்படியே விட்டுவிடுவோம். வெளியிலிருந்து பேசுகிறவர் "கொஞ்சம் அக்கவுண்ட்ஸுக்குக் கொடுங்க" என்று கேட்கும்போதுதான் சிக்கல். எதையோ அமுக்கி, கால் கட் ஆகிவிடும். அவர் மறுபடி கூப்பிட்டு, காத்திருந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரே மதியத்தில் மூன்று முறை இப்படிக் கட் ஆன வாடிக்கையாளராக நான் இருந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவில் டிரான்ஸ்பருக்கு அதிக இடம்.

முதலில் போனைப் பாருங்கள். இது பழைய டெலிபோன் ஒயரில் ஓடுவதில்லை, கம்ப்யூட்டர் போல நெட்வொர்க் கேபிளில் ஓடுகிறது. பின்பக்கம் பெரும்பாலும் இரண்டு நெட்வொர்க் துளைகள் இருக்கும்: ஒன்றில் சுவரிலிருந்து வரும் கேபிள், மற்றொன்றில் உங்கள் கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள். பல அலுவலகங்களில் மின்சாரமும் அந்த முதல் கேபிள் வழியாகவே வரும், அதனால் பெருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டால் போன் மொத்தமாக அணைந்துவிடும். திரையில் உங்கள் எக்ஸ்டென்ஷன் எண் (அலுவலகத்துக்குள் உங்கள் போனை அழைக்கும் குறுகிய எண்) தெரிந்தால் பொதுவாக எல்லாம் சரி.

அப்புறம் திரைக்குக் கீழே இருக்கும் நாலு பட்டன்கள். இவற்றின் மேல் எதுவும் அச்சிட்டிருக்காது, ஏனென்றால் வேலை மாறிக்கொண்டே இருக்கும். சும்மா இருக்கும்போது ரீடயல் என்று காட்டிய அதே பட்டன், பேசிக்கொண்டிருக்கும்போது ஹோல்ட் ஆகிவிடும். ஆகவே பட்டனை அமுக்கும் முன் திரையின் கடைசி வரியை ஒரு முறை படியுங்கள்.

எண்ணை அடித்ததும் டயல் அல்லது சென்ட் அமுக்குங்கள், இல்லையென்றால் இன்னும் எண் வருமோ என்று போன் சில விநாடி காத்திருக்கும். பல போன்களில் # அமுக்கினாலும் உடனே போகும். வெளி எண்ணுக்குச் சில அலுவலகங்களில் முன்னால் 0 அல்லது 9 சேர்க்க வேண்டும். இதை மட்டும் பக்கத்து மேசையில் கேட்டுவிடுங்கள்.

ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்து ரிசீவருக்கு மாற, ரிசீவரை எடுத்தால் போதும். திரும்ப ஸ்பீக்கருக்கு வர, முதலில் ஸ்பீக்கர் பட்டனை அமுக்குங்கள், அது எரிந்த பிறகு ரிசீவரை வையுங்கள். வரிசை மாறினால் கால் கட்.

மியூட்டா, ஹோல்டா?

மியூட் போட்டால் உங்கள் குரல் அவருக்குக் கேட்காது, அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும். ஹோல்டில் இருவருக்கும் கேட்காது, அவருக்குப் பெரும்பாலும் இசை ஓடும். தும்மலுக்கும் கதவு திறக்கும் சத்தத்துக்கும் மியூட் போதும். ஃபைலைத் தேட எழுந்து போவதென்றால் ஹோல்ட்தான் மரியாதை, மியூட்டில் விட்டுப்போனால் லைன் செத்துவிட்டது என்று நினைத்து அவரே வைத்துவிடுவார். திரும்பி வந்ததும் ரெஸ்யூம் அமுக்குங்கள்.

டிரான்ஸ்பர், பொறுமையாக

இதில் இரண்டு வகை. எண்ணை அடித்து அப்படியே தள்ளிவிடுவது ஒன்று, அந்தப் பக்கம் இருப்பவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கொடுப்பது இன்னொன்று. புதியவர்கள் இரண்டாவதை மட்டும் பழகுங்கள் என்பேன்.

1. "அக்கவுண்ட்ஸுக்குக் கொடுக்கிறேன், லைனில் இருங்கள்" என்று சொல்லுங்கள். அந்தப் பிரிவின் நேரடி எண்ணையும் கொடுத்துவிட்டால், கட் ஆனாலும் அவர் அலைய வேண்டியதில்லை.
2. டிரான்ஸ்பர் அமுக்குங்கள். அவர் தானாக ஹோல்டுக்குப் போய்விடுவார், உங்களுக்குப் புதிய டயல் டோன் கேட்கும். தனியாக ஹோல்ட் போட வேண்டாம்.
3. எக்ஸ்டென்ஷன் எண்ணை அடித்து, எடுக்கும்வரை காத்திருங்கள்.
4. எடுத்ததும் யார், என்ன விஷயம் என்று இரண்டே வரியில் சொல்லுங்கள்: "இன்வாய்ஸில் தொகை மாறியிருக்காம், எண் சொல்லிட்டார், 4471."
5. அவர் சரி என்றதும் மறுபடி டிரான்ஸ்பர் அமுக்குங்கள். இந்த இரண்டாவது அமுக்கலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அமுக்காமல் ரிசீவரை வைத்தால் சில போன்களில் கால் போய்ச் சேரும், சிலவற்றில் சேராது. அது அலுவலக செட்டிங்கைப் பொறுத்தது, அதை நம்ப வேண்டாம்.

அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லையா? கேன்சல் அல்லது எண்ட் கால் அமுக்கி, ரெஸ்யூம் போட்டு, முதல் ஆளிடம் திரும்பி வந்து சொல்லுங்கள். காத்திருப்பவரிடம் திரும்பி வருவது இந்த வேலையில் பாதி.

கான்பரன்ஸும் இதே மாதிரிதான்: கான்பரன்ஸ் பட்டன், இரண்டாவது எண், அவர் எடுத்ததும் மறுபடி கான்பரன்ஸ், மூவரும் ஒரே லைனில். ஒன்று கவனியுங்கள், பல அமைப்புகளில் மூவரின் குரலையும் சேர்த்துக் கொடுப்பது உங்கள் போன்தான், நீங்கள் வைத்துவிட்டால் மற்ற இருவரின் பேச்சும் அறுந்துவிடலாம்.

மேசையை விட்டுப் போகும்போது

உங்களுக்கு வரும் காலை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவதுதான் ஃபார்வர்ட். அதில் மூன்று வகை உண்டு: எப்போதும், லைன் பிஸியாக இருந்தால், எடுக்காவிட்டால். அன்றாடத்துக்கு மூன்றாவது நல்லது, போன் கொஞ்ச நேரம் அடித்த பிறகே வேறு எண்ணுக்குப் போகும். ஆனால் அந்த நேரத்தை வாய்ஸ்மெயில் (அழைப்பவர் சொல்வதைப் பதிவு செய்து வைக்கும் வசதி) எடுக்கும் நேரத்தைவிடக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் வாய்ஸ்மெயில் முந்திக்கொள்ளும். இன்னொன்று, போனுக்குள்ளேயே போட்ட ஃபார்வர்ட், போன் அணைந்தால் வேலை செய்யாது. நீண்ட விடுப்பில் போகிறீர்கள் என்றால் அலுவலகத்தின் எல்லா போன்களையும் இணைக்கும் சர்வரிலேயே போடச் சொல்லி ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.

மூலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் வாய்ஸ்மெயில் வந்திருக்கிறது, மெசேஜ் பட்டனை அமுக்கி உங்கள் ரகசிய எண்ணை (PIN) கொடுத்தால் கேட்கலாம்.

"என் போன் காலையிலிருந்து அடிக்கவே இல்லை" என்றால் ஐடிக்குப் போகும் முன் திரையின் மேல் வரியைப் பாருங்கள். டிஎன்டி என்றோ, குறுக்குக் கோடு போட்ட வட்டமோ, வெளியே பாயும் அம்புக்குறியோ இருக்கலாம். முதல் இரண்டும் தொந்தரவு வேண்டாம் என்பது, அம்புக்குறி ஃபார்வர்ட். எது இருக்கிறதோ அதை எடுத்துவிட்டு, பக்கத்து மேசையிலிருந்து ஒரு முறை உங்கள் எண்ணுக்கு அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.