தொலைதூரப் பதிவுகளிலிருந்து நிலநடுக்க முறிவின் தடத்தை வரைவது எப்படி

2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரப்படி 6.28 மணியளவில் சுமத்ராவுக்கு மேற்கே தொடங்கிய முறிவு, அதாவது நிலநடுக்கத்தில் பாறைகள் பிளந்து நழுவும் நிகழ்வு, அந்தமான் தீவுகளை நோக்கி வடக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடி ஓய எட்டு நிமிடங்கள் ஆயின. அந்த ஓட்டத்தை, ஜப்பானின் ஹை-நெட் என்ற நிலநடுக்கப் பதிவு வலையத்தைச் சேர்ந்த சுமார் 700 நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு 2005-இல் ஆய்வாளர்கள் படமாக்கினார்கள். அலைகளைப் பின்னோக்கித் தொடரும் இம்முறையைக் கற்க இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது.

நிலநடுக்க மையத்திலிருந்து 30 முதல் 90 பாகை தொலைவுக்குள் (புவி மையத்தில் அளக்கும் கோணம்) அடர்த்தியாக அமைந்த நிலையங்களில், தரையின் மேல்-கீழ் அசைவைக் காட்டும் செங்குத்துப் பதிவுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதைவிட அருகே சென்றால் புவியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மேல் மூடகத்தில் வளைந்து வரும் பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். மிகத் தொலைவில் புவியின் கருவம் குறுக்கிடும். ஹை-நெட் பதிவுகளைப் பெறப் பெயர்ப்பதிவு தேவை. பொதுத் தரவு மையங்களின் பதிவுகளை ஆப்ஸ்பை என்ற பைத்தான் நிரல் தொகுப்பின் வழியே இறக்கலாம்.

அடுத்து வரும் ஒழுங்குபடுத்தலே மொத்த வேலையின் உயிர். இதில் அவசரம் கூடாது. பதிவுகளை 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, நிலையத்தை முதலில் எட்டும் பி அலையின் முதல் சில வினாடிகளை மட்டும் எடுங்கள். அவை முறிவு தொடங்கிய குவியத்திலிருந்தே வந்தவை என்பதால், எல்லா நிலையங்களிலும் ஒத்த வடிவில் இருக்க வேண்டும். ஐஏஎஸ்பி91 போன்ற புவி மாதிரி சொல்லும் வருகை நேரத்துக்கும் உண்மையான வருகைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறுக்கு ஒப்பீட்டால் (பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தி மிக நன்றாகப் பொருந்தும் இடத்தைக் காணும் கணக்கு) அளந்து, நிலையவாரியான திருத்தமாகச் சேமியுங்கள்; ஒத்துவராத பதிவுகளைத் தயங்காமல் நீக்குங்கள். இத்திருத்தம் குவியத்தை விட்டு விலக விலக வலுவிழக்கும் என்பதால், சுமத்ரா போன்ற நீண்ட முறிவுக்கு வழிநெடுக நிகழ்ந்த பின்னதிர்வுகளைக் கொண்டும் சரிபார்ப்பது நல்லது.

பிறகு, முறிவு நிகழ்ந்திருக்கக்கூடிய பரப்பின் மீது கட்டங்களை வரையுங்கள். தொலைதூரப் பதிவுகளால் ஆழத்தை நன்கு பிரித்தறிய முடியாததால் ஒரே ஆழம் போதும். ஒவ்வொரு கட்டப் புள்ளியிலிருந்தும் அலை கிளம்பியதாகக் கொண்டு, பயண நேரத்தையும் திருத்தத்தையும் கழித்துப் பதிவுகளை நகர்த்திக் கூட்டுங்கள். வடம் பிடிப்போர் ஒருசேர இழுத்தால்தான் தேர் நகரும். அதுபோல உண்மையான மூலப்புள்ளியில் மட்டுமே அலைகள் ஒன்றுகூடி வலுப்பெறும். சுமார் பத்து வினாடி நீளமுள்ள நேரத் துண்டை நகர்த்தியபடி, ஒவ்வொன்றிலும் கூட்டுத்தொகை மிகும் உச்சப் புள்ளிகளைக் குறித்து, தூரத்தை நேரத்துக்கு எதிரே வரைந்தால் கோட்டின் சாய்வே முறிவின் வேகம். சுமத்ராவில் அது வினாடிக்கு ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர்.

உச்சப் புள்ளிகள் தாமாகவே பதிவு வலையம் இருக்கும் திசை நோக்கி நழுவும் பழக்கம் உடையவை. எனவே வேறு திசையிலுள்ள வலையத்தாலும் ஒருமுறை கணக்கிடாமல் எந்தத் தடத்தையும் நம்பாதீர்கள். படத்தில் பிரகாசமாக, அதாவது அலைகள் வலுவாகத் தெரியும் இடத்தில்தான் பாறை மிகுதியாக நழுவியது என்றும் முடிவு கட்டக் கூடாது. 2011-இல் ஜப்பானின் டோஹோக்கு நிலநடுக்கத்தில் பெரும் நழுவல் கடலடி அகழிக்கு அருகே நிகழ்ந்தது. உயர் அதிர்வெண் அலைகளோ கரையோரம் உள்ள ஆழமான பகுதியிலிருந்து மிகுதியாக வந்தன.

ஆயினும் முறிவின் நீளத்தையும் திசையையும் விரைந்து அறிவதில் இம்முறையின் பயன் பெரிது. 2004-இல் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிக்கை நிலநடுக்கத்தின் அளவை 8.0 என்றே குறித்தது. பின்னர் அது 9.1-க்கு உயர்ந்தது. சுமத்ராவின் பி அலை ஜப்பானை எட்ட ஒன்பது நிமிடங்கள் போதும். ஆனால் தமிழகக் கரையை ஆழிப்பேரலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.