சைரக்யூஸ் வெள்ளி நாணயங்கள் எத்தனை அடிக்கப்பட்டன? அச்சு எண்ணிக் கணக்கிடும் முறை

பூவா தலையா போட்டுப் பழகியவருக்கு இந்த வேலையின் முதல் இடறல் நாணயத்தைத் திருப்பிப் பார்க்கும்போதே வரும். சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சைரக்யூஸ் கிமு 5ஆம் நூற்றாண்டில் அடித்த டெட்ராட்ராக்மாவை (நான்கு டிராக்மா மதிப்பு, ஏறத்தாழ 17.2 கிராம்) எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நாற்குதிரைத் தேர், மறுபக்கம் டால்பின்கள் சூழ்ந்த, நீரூற்றுத் தேவதை அரெதூசாவின் தலை. தலைதானே முன்பக்கம்? இல்லை, தேர்தான். தேர் உருவம் வெட்டிய அச்சு (நாணயத்தில் உருவம் பதிக்கும் உலோக முத்திரை) பட்டறைக்கல்லில் பதிந்திருந்தது. தலை உருவம் வெட்டிய அச்சு கையில் பிடித்த உளியின் நுனியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடியை நேரே வாங்கிய உளி அச்சு சீக்கிரம் போய்விடும். கீழ் அச்சு தாக்குப்பிடிக்கும். அதனால் உற்பத்திக் கணக்குக்கு முன்பக்க அச்சையே எண்ணுகிறோம்.

அச்சு ஒவ்வொன்றும் கையால் வெட்டப்பட்டது. இரண்டு அச்சுகள் அப்படியே ஒத்திருக்காது. ஒரே அச்சில் பிறந்த நாணயங்களோ ஒத்தே தீரும். இந்த ஒன்றை நம்பித்தான் மொத்த முறையும் நிற்கிறது.

1. படம் சேர்த்தல்

எல்லை வகுத்துத் தொடங்குங்கள்: ஒரே நகரம், ஒரே மதிப்பு, ஒரே காலப் பிரிவு. சைரக்யூஸுக்கு எரிக் போரிங்கர் 1929இல் வெளியிட்ட அச்சு வரிசை இருக்கிறது. ஏறத்தாழ கிமு 435 வரையிலான நாணயங்களுக்கு அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு அருங்காட்சியகப் பட்டியல்களையும் ஏலப் படங்களையும் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் எடை, இரு பக்கப் படம், அச்சுக் கோணம் (முன்பக்கம் நிமிர்ந்திருக்கையில் பின்பக்கத்தின் தலை எந்த மணி திசையில் நிற்கிறது), எந்தப் புதையல் ஆகியவற்றைக் குறியுங்கள்.

எடையும் கோணமும் அலங்காரத்துக்கு அல்ல. ஒரே நாணயம் பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு ஏலங்களில் வந்திருக்கும். ஓரத்தின் வடிவம், வெடிப்பு, எடை மூன்றும் ஒத்தால் அது ஒன்றுதான், நீக்குங்கள். நீக்காவிட்டால் ஒரே ஒரு நாணயத்தால் மட்டும் தெரிந்த அச்சு, இரண்டால் தெரிந்ததுபோல ஆகி, மதிப்பீடு தாழ்ந்துவிடும்.

2. அச்சைப் பிரித்தல்

நேரம் முழுக்க இங்கேதான் போகும். படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றை 50 சதவீதம் ஒளிபுகவிட்டு மற்றொன்றின் மேல் வையுங்கள். முழு உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; மூன்று புள்ளிகளுக்கு இடையே உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். தேர்ப்பக்கத்தில் வெற்றித் தேவதை நைக்கியின் இறகு நுனி, முதல் குதிரையின் மூக்கு, தேரோட்டியின் கைக்கோல். தலைப்பக்கத்தில் ஒவ்வொரு டால்பினின் மூக்கும் ‘சைரக்யூஸ் மக்களுடையது’ என்னும் எழுத்து வரிசையில் எந்த எழுத்தை நோக்கி நிற்கிறது என்பது. அவசரத்துக்கு இது ஒன்றே போதும். முக்கோணம் பொருந்தினால் ஒரே அச்சு. தேய்மானமும் மையம் விலகிய அடியும் முக்கோணத்தை மாற்றாது.

ஏமாற்றுபவை: பக்கவாட்டு வெளிச்சம், இரட்டை அடி, பழைய அச்சில் பிற்பாடு மறுபடி வெட்டிய கோடுகள், அச்சில் விழுந்து வளரும் விரிசல். விரிசல் நண்பனும்கூட: விரிசல் சிறியதாக இருக்கும் நாணயம் முந்தையது.

முன்பக்கங்களுக்கு மு1, மு2 என்றும் பின்பக்கங்களுக்கு பி1, பி2 என்றும் பெயரிட்டு, எது எதனோடு சேர்ந்து அடிபட்டது என்று கோடு இழுங்கள். ஒரு மு பல பி-களோடு சேர்ந்திருப்பது இயல்பு.

3. மூன்று எண்கள்

நாணயங்கள் (நா), முன்பக்க அச்சுகள் (அ), ஒரே நாணயத்தால் மட்டும் தெரியும் அச்சுகள் (ஒ). பயிற்சிக்கு நாமே எண்களை வைத்துக்கொள்வோம்: நா = 120, அ = 40, ஒ = 12.

நம் தொகுப்பு எவ்வளவு நிறைவானது? 1 − (ஒ ÷ நா) = 1 − 0.10 = 0.90. அதாவது அன்று அடித்தவற்றில் ஏறத்தாழ 90 சதவீதம், நமக்குத் தெரிந்த அச்சுகளிலிருந்தே வந்தவை.

தொடக்க மொத்த அச்சுகளுக்கு வாரன் எஸ்டியின் சூத்திரம்: நா × அ ÷ (நா − அ) = 4,800 ÷ 80 = 60. கார்ட்டரின் சூத்திரம், நா ÷ அ 3 அல்லது அதற்கு மேல் இருந்தால்: நா × அ ÷ (1.069நா − 0.843அ) = 4,800 ÷ 94.56, சுமார் 51. அச்சுகளின் ஆயுள் எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தது என்பதில் இரண்டும் வேறு அனுமானம் கொள்வதால் விடையும் வேறுபடுகிறது. 51 முதல் 60 என்று எழுதுங்கள்.

நா ÷ அ 2க்குக் கீழே இருந்தால் கணக்குப் போடுவதைவிட இன்னும் படம் தேடுவது மேல்.

அச்சுப் பிரிப்பில் தவறினால் விலை இங்கே தெரியும். 2 அச்சுகளைத் தவறாக நான்காகப் பிரித்தால் அ = 42; எஸ்டியின் விடை 60இலிருந்து சுமார் 65க்கு ஏறிவிடும். ஒரே புதையலில் வந்த ஒரே அச்சு நாணயங்களும் எண்ணிக்கையைச் சாய்க்கும். அக்கசாலைக்கு அருகே அடித்த சூட்டோடு புதைந்த புதையலில் ஓரிரு அச்சுகளே கும்பலாக இருக்கும். அதைச் சேர்த்தும் விலக்கியும் இரு முறை கணக்கிடுங்கள்.

4. அச்சிலிருந்து நாணயத்துக்கு

இங்கே தரை வழுக்கும். ஓர் அச்சு எத்தனை நாணயம் தந்தது? டெல்ஃபியில் கிமு 336 வாக்கில் அங்குள்ள கோயிலைப் பராமரித்த ஆம்ஃபிக்டியோனி கூட்டமைப்பு பழைய வெள்ளியை உருக்கி நாணயம் அடித்த கணக்கு கல்வெட்டில் இருக்கிறது. அதையும் எஞ்சிய அச்சுகளையும் ஒப்பிட்டு நாணயவியலாளர் பிலிப் கின்ஸ் ஓர் அச்சுக்கு ஏறத்தாழ 23,000 முதல் 47,000 வரை என்றார். ஃபிரான்சுவா டி கல்லாத்தாய் சராசரியாக 20,000 என்று வைத்துக் கணக்கிடுகிறார். இப்படிப் பெருக்குவதே கற்பனை என்று 1990களில் வாதிட்டவர் இன்னொரு நாணயவியலாளர் பட்ரி. அவர் சொன்னதில் பாதியாவது நியாயம்: அச்சு முழுத் தேய்மானம் வரை உழைத்தது என்று யார் சொன்னது? சிறு வெளியீட்டுக்கு வெட்டிய அச்சு பாதியிலேயே ஓய்ந்திருக்கலாம்.

ஆகவே ஒற்றை எண்ணைத் தராதீர்கள்; 20,000க்குக் கீழும் மேலும் 10,000 விட்டுக் கணக்கிடுங்கள். கீழ்வரம்பு 51 × 10,000 = 5,10,000; மேல்வரம்பு 60 × 30,000 = 18,00,000. ஒரு டாலந்துக்கு (பண்டைய கிரேக்க எடை அளவு) 1,500 டெட்ராட்ராக்மா என்பதால் 340 முதல் 1,200 டாலந்து வெள்ளி. இடைவெளி பெரிதுதான். ஆனால் ஒரே அக்கசாலையின் இரண்டு காலப் பிரிவுகளை ஒப்பிடும்போது அச்சின் ஆயுள் இரண்டிலும் ஒன்றே என்று கொண்டால் அந்தப் பெருக்கெண் அடிபட்டுப் போகும். சைரக்யூஸ் கார்த்தேஜை வென்ற கிமு 480 ஹிமெரா போரையொட்டி வெளியீடு பெருகியதா என்பது போன்ற கேள்விகளை அச்சு எண்ணிக்கையை வைத்தே கேட்கலாம்.

அட்டவணையில் நா, அ, ஒ மூன்றையும் தனித்தனியாகக் கொடுங்கள். இன்னொரு புதையல் வெளிவரும்போது அடுத்தவர் அதில் கூட்டிக் கணக்கைத் திருத்திக்கொள்வார்.