படத்துக்காக எழுதிய ஜாஸ் ஆல்பம்: முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஜாஸ் என்றாலே "எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை" என்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது, சினிமாவுக்காக ஒரு ஜாஸ் குழு வாசித்த ஆல்பத்தை. காட்சிக்காக எழுதப்பட்டதால் ஒவ்வொரு உருப்படிக்கும் தெளிவான மனநிலை இருக்கும். மனோதர்மம் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர ஒரு மெட்டு காத்திருக்கும்.

பயிற்சிக்கு மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்ற நால்வர் குழுவின் 'நோ சன் இன் வெனிஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். ரோஜர் வாதிம் இயக்கி 1957இல் வந்த பிரெஞ்சுப் படத்துக்கான இசை இது. கதை நடப்பது வெனிஸில். இசை எழுதியவர் குழுவின் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ். மொத்தம் ஆறு உருப்படிகள், நாற்பது நிமிடம்கூட ஆகாது.

படி 1: படத்தைத் தள்ளி வையுங்கள்

முதலில் படத்தைப் பார்த்துவிட்டால் காதுக்கு முன்னால் கண் ஓடிவிடும். வசனத்துக்குக் கீழே போன இசையில் பாதி உங்களுக்குக் கேட்டே இருக்காது. இந்த நால்வரும் கோட்டு சூட்டில் மேடையேறி, கச்சேரி அரங்கின் அமைதியோடு தங்களைக் கேட்க வேண்டும் என்று விரும்பியவர்கள். அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டு ஆரம்பிப்போம். ஹெட்போன் அவசியம். போனின் ஸ்பீக்கரில் பேஸ் என்ற கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம் பெரும்பாலும் காணாமல் போய்விடும். இங்கே பேஸ் போனால் பாதி இசை போனது மாதிரி.

படி 2: யார் எது வாசிக்கிறார்கள்?

பியானோ லூயிஸ், குறைந்த சுரங்களை வைத்தே வேலையை முடிப்பவர். பேஸ் பெர்சி ஹீத். டிரம்ஸ் கான்னி கே. இவரிடம் தடதடவென்ற முழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். முக்கோணக் கம்பி, சின்னச் சின்னக் கைத்தாளங்கள் என்று ஒலியில் நுணுக்கம் பார்ப்பவர். நான்காமவர் மில்ட் ஜாக்சன், வைப்ரஃபோன். உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிப்பது. பட்டைகளுக்குக் கீழே உள்ள குழாய்களில் மோட்டார் சுழற்றும் சிறு தட்டுகள் ஒலியை நடுங்க வைக்கும். ஜாக்சன் அந்த மோட்டாரை மெதுவாக ஓடவிடுவார். அவர் நீட்டிப் பிடிக்கும் சுரம் மெல்ல ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எந்த ஆல்பத்திலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 3: 'த கோல்டன் ஸ்ட்ரைக்கர்', மூன்று தடவை

முதல் உருப்படி இது. வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்து மணிக்கூண்டின் உச்சியில் மணியடிக்கும் வெண்கலச் சிலைகளை மனத்தில் வைத்து எழுதியது. நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் மூன்று தடவை கேட்பது சிரமமில்லை.

முதல் தடவை மெட்டை மட்டும் கேளுங்கள். முணுமுணுக்க வரும்வரை விட வேண்டாம். இரண்டாவது தடவை மற்றவர்களை மறந்துவிட்டு பேஸோடு மட்டும் நடங்கள். மூன்றாவது தடவை, மெட்டு முடிந்து ஜாக்சன் தன்னிஷ்டத்துக்கு வாசிக்கத் தொடங்கும் இடத்தில், நீங்கள் மனசுக்குள் மெட்டைத் தொடர்ந்து பாடுங்கள். அவர் கிளம்பிப் போன வழியும் வந்து சேரும் இடமும் அப்போது புரியும். ஜாஸ் கேட்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

படி 4: 'கார்டேஜ்'

இறுதி ஊர்வலத்துக்கான இசை. இங்கே மெட்டை விரட்ட வேண்டாம். கான்னி கேயை மட்டும் கேளுங்கள், போதும்.

படி 5: 'த்ரீ விண்டோஸ்'

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான், ஆல்பத்தின் உச்சமும் இதுதான். மூன்று கருக்கள், அதாவது மூன்று சிறு மெட்டுகள் கொண்ட ஃபியூக் என்ற வடிவம். ஒரு வாத்தியம் ஒரு சிறு மெட்டைச் சொல்லும். அது முடித்து வேறு எதற்கோ நகரும்போது அடுத்த வாத்தியம் அதே மெட்டை வேறு உயரத்தில் எடுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் உச்சத்துக்குக் கொண்டுபோன வடிவம். லூயிஸுக்கு அதன் மேல் தீராத காதல். மூன்று கருக்களையும் ஒரே நேரத்தில் துரத்தினால் தலை சுற்றும். முதலில் கேட்கும் கருவை மட்டும் பிடித்துக்கொண்டு, அது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கை மாறும்போதெல்லாம் விரலை நீட்டுங்கள். விளையாட்டுபோல இருக்கும், ஆனால் பலிக்கும். ஜாஸில் இவ்வளவு கணக்கு எதற்கு என்று முகம் சுளித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. என் கட்சி லூயிஸ் பக்கம்; இத்தனை கட்டுக்குள்ளும் ஜாக்சனின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு மரபு) வாசனை அடங்கவே இல்லை.

படி 6: எதிர் வழியையும் கேளுங்கள்

அதே 1957, டிசம்பர், பாரிஸ். லூயி மால் இயக்கிய 'அசான்சர் பூர் லெஷஃபோ' படத்துக்கு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தன் குழுவோடு வாசித்தார். ஸ்டுடியோவில் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டார்கள். கைவசம் இருந்தது சில ஸ்வர அடுக்குகளின் குறிப்பு மட்டுமே. மீதியெல்லாம் அங்கேயே பிறந்தது. டிரம்ஸில் இருந்த கென்னி கிளார்க், மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டின் முதல் டிரம்மர்! 1955இல் அவர் விலகிய இடத்துக்குத்தான் கான்னி கே வந்தார்.

இந்த ஆல்பத்தின் பிற்காலப் பதிப்பில் ஒரே காட்சிக்கு வாசித்த பல பதிவுகளையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டை அடுத்தடுத்துப் போட்டு, எது மாறவில்லை என்று மட்டும் தேடுங்கள். பிறகு 'த்ரீ விண்டோஸ்' பக்கம் திரும்பி, எதை மாற்றவே முடியாது என்று தேடுங்கள். இரண்டு படங்களையும் பார்ப்பது அதற்குப் பிறகு.