நாகசுரம், முகவீணை: மைக்கை எங்கே வைப்பது

நாகசுரம் பதிவு செய்யும்போது பலரும் மைக்கை அணசுக்கு, அதாவது குழலின் விரிந்த கீழ்முனைக்கு, நேரே நீட்டிவிடுகிறார்கள். பதிவு கெடுவது பெரும்பாலும் அதனால்தான். துளைகளெல்லாம் மூடியிருக்கும்போதுதான் ஒலி அணசு வழியே நிறைய வரும். விரல் எடுக்க எடுக்க, திறந்த துளைகளிலிருந்தே ஒலி கிளம்பும். அணசை மட்டும் பிடித்தால் ஒரு சுரம் முட்டும், அடுத்தது மெலியும், கமகம் துண்டுதுண்டாகிவிடும்.

விரல் துளைகளின் நடுவைக் குறிவைத்து, இரண்டடி தள்ளி, துளைகளைவிட அரையடி உயரத்தில் வையுங்கள். அணசின் நேர்கோட்டிலிருந்து சற்று விலக்குங்கள். வாசிக்கிறவர் குழலை ஏற்றி இறக்குவார். ஓரடிக்குள் மைக் இருந்தால் அந்த அசைவெல்லாம் ஒலி அளவில் தெரியும்.

எங்கள் முதல் தேர்வு ரிப்பன் மைக், மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிப்பது. சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதி) கூர்மையை அது தணித்துத் தரும். ஆனால் முன்னும் பின்னும் ஒரே அளவில் கேட்கும், பக்கவாட்டில்தான் காது மந்தம். தவில் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். மைக் வயர் வழியே மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் பவரை அணைத்துவிட்டே இணையுங்கள். ரிப்பன் இல்லையென்றால் டைனமிக் மைக். ஷூர் எஸ்.எம்.57 தாங்கும், ஆனால் 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதுவே கொஞ்சம் தூக்கும். துளைகளுக்கு நேராக இல்லாமல் சாய்த்து வைத்தால் அடங்கும். அதன் முதுகு தவிலைப் பார்க்கட்டும். கண்டென்சர் மைக் என்றால் ஒலி அளவைக் குறைக்கும் 10 டெசிபல் பேடைப் போடுங்கள்.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபம் மாதிரி கருங்கல் சூழ்ந்த இடத்தில் எதிரொலி மேலேறும். அங்கே ஒன்றரை அடிக்கு நெருங்குங்கள். தூணுக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். கீழே சமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள்.

ஆற்காட்டுச் சுற்று ஊர்களின் கூத்தில் முகவீணை, நாகசுரம் போன்ற சிறிய ஊதுகருவி, வேறு கணக்கு. குழல் குட்டை, ஒலி கீச்சென்று மேலே நிற்கும், பக்கத்திலேயே ஆர்மோனியமும் மத்தளமும். ஓரடி போதும், மேலிருந்து கீழ்நோக்கி, மத்தளத்துக்கு முதுகு காட்டி வையுங்கள். ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து வயர் இழுப்பது சுலபம்தான். ஆனால் அங்கே முகவீணையின் ஒலி அளவு மீறி ஏற்கெனவே உடைந்திருந்தால் பிறகு ஒட்டவைக்க வழியில்லை. தனி மைக்கே நல்லது. கூத்து விடிய விடிய நடக்கும், பேட்டரியை அதற்கேற்ப எடுத்துப்போங்கள். ஜெனரேட்டர் வயரோடு மைக் வயரைச் சேர்த்து ஓட்டினால் இரைச்சல் ஏறும். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

24 பிட்டில் பதியுங்கள். மேல் ஸ்தாயியில் பலமாக ஊதச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) நிறுத்துங்கள். கச்சேரி சூட்டில் இதைவிடக் கூடுதலாகத்தான் ஊதுவார்கள், அந்த இடைவெளி வேண்டும். வேலூர் வெயிலில் மின்விசிறியை அணைக்க மனம் வராது. குறைந்தது மைக்கில் காற்று படாமல் திருப்பி, நுரை உறை மாட்டுங்கள். குழல் சூடேறினால் சுருதி உயரும், ஆகவே பத்து நிமிடம் வாசித்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். நடுவில் சீவாளி மாற்றினால் நாதமும் பலமும் மாறும். கெயினை மறுபடி பாருங்கள்.